சுவர் வேர்க்கும் வீடு

புத்தக அலமாரியை நகர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. மாமனார் காலத்துத் தேக்கு. 2018-ல் புத்தக அறையைக் கட்டி முடித்து உள்ளே வைத்ததில் இருந்து அசையாதது. போன வருஷம் ஆனி மாதம், ஒரு வாரம் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், என் மகளும் பக்கத்து வீட்டுப் பையனுமாக அதை ஒரு முழம் முன்னால் இழுத்தார்கள். பின்னால் சுவர் கறுத்துக் கிடந்தது. தரையிலிருந்து என் தோள் உயரத்துக்கு, அலமாரியின் அகலத்தை அளந்து வரைந்ததுபோலப் பூசணம். ஓரங்களில் புள்ளி புள்ளியாக, நடுவில் கறுப்பும் சாம்பல் பச்சையுமாக வெல்வெட் துணி ஒட்டியதுபோல அடர்த்தியாக. அலமாரியின் முதுகுப் பலகையிலும் அதே உருவம் பதிந்திருந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள் நான். ரொட்டித் துண்டை நனைத்துக் கண்ணாடிக் குடுவையில் மூடிவைத்து, நாலாம் நாள் அதில் முளைத்த பூஞ்சையை எத்தனையோ பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டியிருக்கிறேன். என் வீட்டுச் சுவரில் அதே சங்கதி வளர்ந்தபோது எனக்குத் தெரியவில்லை. மக்கல் வாடை வந்தது. பழைய புத்தகம் இருக்கும் அறை, மழைக்காலம் வேறு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்குள் என் பேரன் இரண்டு மழைக்காலம் இருமித் தீர்த்துவிட்டான். ஆறு வயசுக் குழந்தை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு இழுக்க எழுந்து உட்கார்ந்து, "ஆச்சி, மூச்சு வரல்ல" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கத்தில். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழையும் உண்டு. முதல் மழையைப் பெரியவர்கள் இன்றைக்கும் இடவப்பாதி என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே சுவர் காயக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம். ரப்பர் போட்டிருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகத் தெரியும். ஷீட்டைப் புகைக்கூடத்தில் சரியாக உலர்த்தாவிட்டால் பூசணம் பிடிக்கும், தரம் இறங்கும், விலை இறங்கும். ஷீட்டுக்கு அத்தனை பார்க்கும் நாங்கள், பிள்ளை தூங்குகிற வீட்டுக்கு அதைப் பார்க்கவில்லை.

குழந்தை மருத்துவர்தான் முதலில் கேட்டார். "லீவுக்கு வேற ஊருக்குப் போனா இருமல் குறையுதா?" யோசித்துப் பார்த்தால், ஆமாம். மதுரையில் அவன் அப்பா வீட்டில் பத்து நாள் இருந்தபோது ஒரு ராத்திரிகூட எழுந்திருக்கவில்லை. "அப்ப வீட்டை ஒரு தடவை நல்லாப் பாருங்க, டீச்சர். பீரோவுக்குப் பின்னால, கட்டிலுக்கு அடியில, பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்." மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னது அவ்வளவுதான். இழுப்புக்குத் தூசி, புகை, சளி என்று பல காரணம் இருக்கலாம். எல்லாவற்றையும் பூசணத்தின் தலையில் போட நான் வரவில்லை. ஆனால் ஓதம் ஏறிய, பூசணம் பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா கூடுதலாக வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டி நூல் போட்டுச் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 2020-ல் இரண்டு வயசுக் குழந்தை ஒன்று இறந்தது. வாடகை வீட்டில் நெடுநாள் பூசணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-ல் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தக் குழந்தையின் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

பூசணம் வளர மூன்று வேண்டும். தின்னக் கொஞ்சம் பொருள், இதமான சூடு, தண்ணீர். தின்பதற்கு அதற்கு எதுவும் போதும். காகிதம், பசை, மரம், தோல் செருப்பு, சுவரில் படிந்த தூசி. சூடோ நமக்கு இதமானதுதான் அதற்கும் இதம். அதன் வித்துகளை வீட்டுக்குள் வராமல் தடுக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் அளவு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இதைப் படிக்கும்போதும் அவை உங்களைச் சுற்றி மிதக்கின்றன. அத்தனை சிறிது என்பதால்தான் மூச்சோடு உள்ளே போய்விடுகின்றன. ஆக, நம் கைக்கு அகப்படுவது தண்ணீர் ஒன்றுதான்.

தண்ணீர் என்றால் சொட்டுச் சொட்டாகத் தெரிய வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. சுவரை ஒட்டி நிற்கும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூசணத்துக்குப் போதுமானது. நனைந்த பொருள் என்றால் இன்னும் சீக்கிரம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் தொடங்கிவிடும். இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. ஹெர்பேரியத்துக்குச் செடி பறித்து அழுத்துப் பலகையில் வைத்தால், முதல் இரண்டு நாளும் நனைந்த செய்தித்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் மாற்ற வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன். மூன்றாம் நாள் மாற்றுகிறவன் செடியைக் கொண்டுவர மாட்டான், பூசணத்தைத்தான் கொண்டுவருவான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தபோது என் சித்தி மகள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு அவள் பீரோவையும் பாத்திரத்தையும் கழுவினாள். இலவம் பஞ்சு மெத்தையை மட்டும் மனசு வராமல் ஒரு வாரம் வெயிலில் போட்டு எடுத்துத் திரும்பக் கட்டிலில் விரித்தாள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே காயவில்லை. தை மாதம் நான் போனபோது அந்த அறைக்குள் நுழையவே முடியவில்லை. மெத்தை, தலையணை, சோபாப் பஞ்சு, ஜிப்சம் கூரைத் தகடு, இவையெல்லாம் நனைந்து இரண்டு நாள் தாண்டிவிட்டால் கழுவிக் காப்பாற்ற முடியாது. தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பஞ்சு நிறைத்துக் கொடுத்தது அவள் அம்மா. அந்த வருத்தம் எனக்கும் புரிந்தது. ஆனாலும் அன்றைக்கே எடுத்துப் போடச் சொன்னேன்.

எங்கள் வீட்டுக்கு வருவோம். சுவரைப் பார்த்ததும் பெயின்டர் ஒருவர் வந்தார். சுரண்டிவிட்டுப் பூசணம் வராத பெயின்ட் அடித்துவிடலாம் என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் அப்படித்தான் அடித்தோம். ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்ததில் பெயின்ட் அப்பளம்போலப் பொருமி, அதற்கு உள்ளிருந்து கறுப்பு எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஐம்பது வருஷமாகக் கரண்டி பிடித்த கை. சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். மொட்டை மாடிக்குப் போய்வந்தார். "டீச்சரே, மேல இருந்து இறங்கின தண்ணியில்ல இது. அடியில இருந்து ஏறின ஓதமும் இல்ல. சுவரு வேர்க்குதாக்கும்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சோதனை செய்தோம். சமையலுக்கு வாங்கிய அலுமினியத் தாளில் ஒரு முழச் சதுரம் வெட்டி, சுவரில் காய்ந்த இடம் பார்த்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். பிரித்தபோது தாளின் சுவர்ப் பக்கம் உலர்ந்திருந்தது. அறைப் பக்கம் ஈரம் படிந்திருந்தது. சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்திருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும். கொத்தனார் சொன்னதுதான் சரி.

ஏன் வேர்த்தது? 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அன்று எங்கள் பழைய ஓட்டுக் கூரை மேல் தென்னை விழுந்தது. அடுத்த வருஷம் அந்தப் பகுதியை இடித்துக் கான்கிரீட்டில் இரண்டு அறை எடுத்தோம். செலவைக் குறைக்க நடுவில் நாலரை இஞ்சுச் சுவர்தான் வைத்தோம். ஒரு பக்கம் புத்தக அறை, மறு பக்கம் படுக்கை அறை. படுக்கை அறையில் ஏசி. பேரனுக்குப் புழுக்கம் ஆகாது என்று மகள் அதை 18-ல் வைப்பாள். மோர்ச் செம்பை ஐஸ் போட்டு வைத்தால் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதேதான் நடந்தது. ஒரு பக்கம் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த சுவர், மறு பக்கம் மழைக்காலத்துக் காற்று. 30 டிகிரி சூடும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 26 டிகிரியைத் தொட்டாலே தண்ணீரை விட ஆரம்பித்துவிடும். அலமாரி சுவரோடு ஒட்டி நின்றதால் அறையின் சூடு அந்த இடத்துக்குப் போகவே இல்லை. அங்கே சுவர் இன்னும் குளிர்ந்தது, காற்றும் ஓடவில்லை. பூசணம் அலமாரியின் அகலத்துக்கு அளவெடுத்து வளர்ந்ததற்கு அதுதான் காரணம்.

எல்லா வீட்டிலும் இதுவே காரணம் என்று இல்லை. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் பலா இலை அடைத்து, தளத்தில் தண்ணீர் நின்று ஊறுவதும் உண்டு. சன்ஷேடு சுவரோடு சேருகிற இடத்தில் விரிசல் விட்டு இறங்குவதும் உண்டு. மாடி சந்தேகம் என்றால் மழை இல்லாத நாளில் ஓரிடத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் பார்ப்பார்கள். எங்கள் திண்ணைச் சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்துப் பொரிந்து விழுவதைப் பார்த்து அதுவும் பூசணம் என்று மகள் பதறினாள். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், கரைந்து போனது. அது உப்பு. சுவருக்குள் ஏறும் நீர் கொண்டுவந்து விடுவது. பூசணம் தண்ணீரில் கரையாது. உப்பு நம் நுரையீரலுக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் அங்கேயும் ஓதம் ஏறுகிறது என்பதற்கு அது சாட்சி.

இனித் துடைத்த கதை. இதை நிதானமாகச் சொல்கிறேன், தப்பு நடப்பது இங்கேதான். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்குச் சொல்கிறது. பூசணம் சுமார் 10 சதுர அடிக்குள், அதாவது மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் வீட்டுக்காரர்களே சுத்தம் செய்யலாம். எங்களுடையது அதைப்போல இரு மடங்கு. அதனால் கொத்தனாரும் அவர் கையாளும்தான் செய்தார்கள். பேரனையும் மகளையும் இரண்டு நாள் மதுரைக்கு அனுப்பினேன். இழுப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் அந்த வேலையின் பக்கமே வரக் கூடாது.

கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 முகக்கவசம் மீதி இருந்தது. அதைத்தான் போடச் சொன்னேன். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் வித்து நிற்காது. "எத்தன சுவரு சுரண்டியாச்சு டீச்சரே, இதெல்லாம் எதுக்கு" என்றார் கொத்தனார். அதுதான் எனக்குக் கவலை, இத்தனை வருஷம் எதுவும் இல்லாமல் சுரண்டியிருக்கிறீர்களே என்றேன். போட்டுக்கொண்டார். ரப்பர் கையுறையும் கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியும் சேர்த்து. அறையின் உள்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி திணித்து, வெளிப்பக்க ஜன்னலை மட்டும் திறந்து வைத்தோம். மின்விசிறியைப் போடவில்லை. காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் லட்சக்கணக்கில் வித்து எழும்பி வீடு முழுக்கப் பரவும். அதனால் முதலில் சுவரை நனைத்தார்கள். துணி துவைக்கும் பவுடர் கரைத்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் அடித்து, ஊறவிட்டு, ஈரத்தோடு ஈரமாகத் துடைத்து, உரிந்த பெயின்டையும் ஈரத்திலேயே சுரண்டினார்கள். துடைத்த துணி, சுரண்டியது எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி, பையை அந்த அறையிலேயே மூடி வெளியே எடுத்தோம்.

பிளீச்சிங் பவுடர் போடவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். சோப்புத் தண்ணீரும் தேய்ப்பும் உலர்த்தலும் போதும். பிளீச்சிங் பூசணத்தைக் கொன்றாலும், செத்த பூசணமும் ஒவ்வாமை தரும். அதைத் துடைத்து அகற்றத்தான் வேண்டும். நான் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருஷம் முன்னால் குளியலறைச் சுவரில் கறுப்பைப் பார்த்து, பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசி ஊறவைத்தேன். அது அங்கே இருக்கும்போதே, தரையும் கறையாக இருக்கிறதே என்று கழிப்பறை ஆசிட்டை ஊற்றினேன். கதவு சாத்தியிருந்தது. அரை நிமிஷத்தில் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, மூச்சை இழுக்க முடியவில்லை. எப்படியோ வெளியே வந்து முற்றத்தில் விழுந்தேன். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. அம்மோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். நம் ஊரில் அநேகமாக எல்லாக் குளியலறை மூலையிலும் பிளீச்சிங்கும் ஆசிட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தயவுசெய்து இன்றைக்கே இரண்டில் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

வினிகர் தெளித்தால் போதும் என்றும் சொல்வார்கள். ஓடு, கண்ணாடி மேல் கொஞ்சம் பயன் உண்டு. சுண்ணாம்புச் சுவரையும் மார்பிளையும் அது அரித்துவிடும். பீரோவுக்குள் போடும் அந்துருண்டை பூச்சிக்கு, பூசணத்துக்கு இல்லை. அதை மருந்து என்று நம்பி அள்ளிப் போட்டுக் குழந்தைத் துணியில் வாடை ஏற்றாதீர்கள். ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

புத்தகங்களைப் பார்க்கத்தான் எனக்குக் கை நடுங்கியது. என் கணவர் சேர்த்தவை பாதி, என் ஹெர்பேரியத் தாள்கள் மீதி. கீழ்த் தட்டில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஈரத்துணியால் துடைத்தால் காகிதத்துக்குள் பூசணம் இன்னும் இறங்கும். ஆகவே ஒவ்வொன்றையும் உறையில் போட்டு வெளியே எடுத்து, கார் நிறுத்தும் கொட்டகை நிழலில் பக்கங்களை விரித்து நிறுத்தி, காற்றில் உலரவிட்டேன். நன்றாக உலர்ந்த பிறகு முகக்கவசத்தோடு, வீட்டை விட்டுத் தள்ளி நின்று, மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன். நாற்பத்து மூன்று புத்தகங்கள் தப்பவில்லை. 1986-ல் நான் பேச்சிப்பாறையில் பறித்து ஒட்டிய பெரணிகளும் தப்பவில்லை.

பூசணத்தில் எத்தனையோ வகை. அதில் ஒன்றின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ். 1729-ல் பியர் அன்டோனியோ மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார் வைத்த பெயர். உருப்பெருக்கியில் பார்த்தபோது, தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவிபோல அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் பிள்ளைகள் அதிகம். இந்தப் பெயரை அவர்கள் மறந்ததே இல்லை. சுவரில் தெரிவது இன்ன வகை என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லத் தேவையும் இல்லை. எதுவானாலும் அகற்றும் முறை ஒன்றுதான். 2021-ல் கொரோனாவோடு வந்து பயமுறுத்திய கருப்புப் பூஞ்சை இதுதானோ என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். அது வேறு. மண்ணிலும் மட்கும் பொருளிலும் இருக்கும் இன்னொரு இனத்துப் பூஞ்சைகள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களையும் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களையும் தாக்கிய நோய். சதை கறுத்துப் போவதால் அந்தப் பெயர் வந்தது. சுவரில் கறுப்பைப் பார்த்து அந்தப் பயம் வேண்டாம். இருமல் தீராமல் இருந்தால் மருத்துவரிடம் போனால் போதும், வீட்டுச் சுவரின் நிலையையும் அவரிடம் சொல்லுங்கள்.

சுத்தம் செய்த பிறகு சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டினேன். முதல் நாள் 86 காட்டியது. வீட்டுக்குள் 60-க்குக் கீழே இருப்பது நல்லது. நம் ஊர் மழைக்காலத்தில் அது லேசில் நடக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். வெளியே 90 இருக்கும்போது திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். மழை ஓய்ந்து வெயில் காணும் நேரத்தில் திறந்து, சாரல் தொடங்கியதும் மூடுவது என்று இப்போது பழகிவிட்டோம்.

நாமே வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சமையல் வாயு எரியும்போது நீராவி வரும். ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் தண்ணீர். 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் நம் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும். இது அடுப்பு மட்டும். சோறு கொதிப்பதும் இட்லிப் பானையும் தனி. சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறியை இப்போது அடுப்பு அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுகிறேன். மழைக்காலத்தில் நாங்கள் துணி காயப்போடுவது எங்கே தெரியுமா? புத்தக அறையில். கொடி கட்டி, மின்விசிறி போட்டு. ஒரு தடவை துவைத்த துணியிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் அந்த அறைக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. கொடியைக் கார் கொட்டகைக்கு மாற்றினோம். ஏசி இப்போது 26-ல். மகள் முதலில் முகம் சுளித்தாள். மின்விசிறியும் சேர்த்துப் போட்டால் பேரனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஏசியின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தபோது அதுவும் கறுத்திருந்தது. இப்போது மாதம் இரண்டு முறை கழுவி உலர்த்தி மாட்டுகிறோம்.

பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். பள்ளிப் பிள்ளைகளை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறேன், வேலைப்பாட்டைக் காட்ட. இந்த வருஷம் போனபோது நான் பார்த்தது வேறு. சரிந்த ஓட்டுக் கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, மழை சுவரைத் தொடவே விடாமல். சாய்வாக அடுக்கிய மரச் சட்டங்கள் வழியே சாரல் வராமல் காற்று மட்டும் வருகிறது. எந்த மூலையிலும் காற்று தேங்கவில்லை. நாங்களோ இறவாணத்தை எடுத்துவிட்டோம், சுவரை மெலிதாக்கினோம், அதன் மேல் பிளாஸ்டிக் தோல்போல பெயின்ட் பூசினோம், பெரிய அலமாரியை ஒட்டி நிறுத்தினோம்.

கொத்தனாரின் யோசனைப்படி அந்தச் சுவரில் பெயின்ட் வேண்டாம் என்று வைத்தோம். ஒரு மாதம் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு மூன்று கை அடித்தார். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் தலைகாட்டாது, சுவரும் மூச்சுவிடும். ஆனால் காற்றுப் பட்டு நாளாக ஆகக் காரம் குறைந்துவிடும். முன்பெல்லாம் மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு முன் வருஷா வருஷம் வெள்ளையடித்ததன் அருமை எனக்கு இப்போதுதான் உறைத்தது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அடிக்கும்போது கண்ணாடி கட்டாயம்.

அலமாரி இப்போது சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, நாலு செங்கல் மேல் நிற்கிறது. ஈரப்பதமானி இந்த ஆனியில் 68-க்குக் கீழே இறங்கவில்லை, ஆனால் 75-ஐத் தாண்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேரன் டார்ச் எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல ஆச்சி" என்பான். இந்த மழைக்கு அவன் இன்ஹேலர் எடுத்தது இரண்டே முறை. குளியலறைச் சுவர் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அதன் வெளிப்பக்கத்தில் அலுமினியத் தாள் ஒட்டிப் பார்த்தோம். அங்கே சுவர்ப் பக்கம்தான் நனைந்தது. உள்ளே எங்கோ குழாய் இணைப்பு கசிகிறது. பங்குனியில் சுவர் ஓடுகளை உடைத்துப் பார்க்கலாம் என்கிறார் கொத்தனார். அதுவரை சனிக்கிழமை தோறும் நான் அதைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, கதவைத் திறந்து வைக்கிறேன்.